ஒன்பதாம் பிரிவு

எங்கள் கல்லூரியில் மொத்தம் எட்டுப் பிரிவுகள். வாசலில் இருக்கும் பலகையிலும் எட்டுதான் எழுதியிருக்கிறது. ஆனால் பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு மட்டும் ஒன்பது. அந்த ஒன்பதாவதில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். போன மாதம் ஒரு கம்பெனி அந்த முப்பத்தெட்டுப் பேரையும் துடைத்துப் போட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன். கத்தாமல் பொறுமையாகச் சொல் என்று வீட்டில் கணவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். முடிகிறதா பார்ப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கவுண்டரைத் திறந்த கையோடு ஒரு பெண் வந்து நின்றாள். செவிலியர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தாள். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். எனக்கு அவளை நன்றாகத் தெரியும். இரண்டாம் வருடம் முடிந்தபோது எட்டு மாத வயிற்றோடு இதே கவுண்டரில் மூச்சு வாங்க நின்று விடுப்புக் கடிதம் கொடுத்தவள். இரண்டு வருடம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, தன்னைவிட நான்கைந்து வயது சின்னப் பெண்களோடு உட்கார்ந்து மிச்சத்தையும் படித்தவள். அந்தப் பெண்கள் அவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

பெரியக்காவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. நான்கு வருட மதிப்பெண் பட்டியலை அடுத்த திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அந்தக் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

ஐந்து நிமிட வேலை என்று நினைத்து அவளுடைய எண்ணைத் தட்டினேன். திரையில் வந்தது இது: முதலாம் ஆண்டு, பதிவு இல்லை. இரண்டாம் ஆண்டு, பதிவு இல்லை. பட்டத்துக்குத் தகுதி, இல்லை.

மறுபடி தட்டினேன். மறுபடியும் அதே மூன்று 'இல்லை'. பெரியக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது சிஸ்டம், கொஞ்சம் மெதுவாக இருக்கிறது, நானே போன் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பவில்லை. ஆனாலும் போனாள்.

ஒன்பதாம் பிரிவு என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். எங்களிடம் பழைய மென்பொருள் ஒன்று பன்னிரண்டு வருடம் ஓடியது. ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில், பதினாலு பேர் இருந்த ஒரு சின்னக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. அது நல்ல மென்பொருள்தான், ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு மாணவர் ஒரு வருடத்துக்கு மேல் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் அவரைப் புது ஆளாகத்தான் பார்க்கும். புது எண் கொடுக்கும். பழைய மதிப்பெண்களை அநாதையாக விட்டுவிடும்.

அதைச் சரிசெய்ய அந்தக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். வெயிலோ மழையோ, கையில் குடை இல்லாமல் வரமாட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முறையாக மாற்றி எழுத ஆறு மாதம் ஆகும் என்றார். எங்களுக்கோ நான்கு நாளில் தேர்வு முடிவு. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, உங்களுக்கு எத்தனை பிரிவு என்று கேட்டார். எட்டு என்றேன். அப்படியானால் ஒன்பது என்று ஒன்றை வைத்துக்கொள்வோம், திரும்பி வருகிறவர்களின் பழைய வருடங்களை அதில் குடிவைப்போம், பட்டியல் அச்சடிக்கும்போது மென்பொருள் அங்கே போய்ப் பார்த்து இரண்டையும் சேர்த்துவிடும் என்றார். அன்று சாயங்காலமே செய்தும் கொடுத்தார்.

அவ்வளவுதான். எந்தக் கோப்பிலும் எழுதவில்லை, யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிள்ளை பெறப் போனவர்கள், காசநோய் வந்து படுத்தவர்கள், படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் போனவர்கள், ஒரு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்த ஒருவர், எல்லாரும் விட்டுப்போன வருடங்கள் அங்கே பத்திரமாக இருந்தன. அவர்களில் பட்டம் வாங்காமல் இன்னும் மிச்சம் இருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர்.

பிறகு சின்னக் கம்பெனியை ஒரு நடுத்தரக் கம்பெனி வாங்கியது. உங்களுக்கு எதுவும் மாறாது என்று எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. ஒரு வருடம் கழித்து அந்த நடுத்தரக் கம்பெனியை ஒரு பெரிய கம்பெனி விழுங்கியது. மறுபடியும் கடிதம், மறுபடியும் எதுவும் மாறாது. முதல் கடிதத்தில் தலைப்பை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள், அதுகூட எனக்குத் தெரியாதா என்ன? மாறாது மாறாது என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினார்கள். முதலில் தொலைபேசி எண்ணை நிறுத்தினார்கள். ஏதாவது கேட்கவேண்டும் என்றால் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பவேண்டும், அது ஒரு எண்ணைக் கொடுக்கும், அதோடு சரி, கிணற்றில் போட்ட கல். பிறகு குடைக்காரரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பழைய மென்பொருளுக்கு 'ஓய்வு' கொடுக்கிறோம், எல்லாக் கல்லூரிகளையும் எங்கள் புது மென்பொருளுக்கு மாற்றுகிறோம், தேதி இது என்றார்கள். உங்களுக்குச் சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்தது மருந்துக் கடை மாடியை. வந்து சேர்ந்தது இது.

செவ்வாய்க்கிழமை மதியம் பதிவாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் யார் மனமும் கோணக்கூடாது என்று நினைக்கிற நல்ல மனிதர். அப்படிப்பட்டவர்களால் ஒரு காரியமும் ஆகாது. ஒன்பதாம் பிரிவா, நமக்கு எட்டுதானே என்றார். விளக்கினேன். அவர் முகம் வெளுத்தது. கம்பெனிக்கு எழுதுங்கள் என்றார். எழுதினேன். எண் வந்தது.

மறுநாள் காலை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. உங்கள் ஒப்புதலுடன் நீக்கப்பட்டது என்று ஒரே வரி. கூடவே ஒரு மின்னஞ்சல் நகல். பெறுநர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

இங்கே என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். எனக்குக் கோபம் வந்தால் பேசமாட்டேன். வீட்டில் அது எல்லாருக்கும் தெரியும். என் கணவர் பேருந்து ஓட்டுநர், ஊர்ப்பட்ட ஆட்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர். அவரே நான் வாயை மூடினால் பயப்படுவார். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் போதும், அந்தப் பேச்சே வீட்டில் மறுபடி எழாது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என் மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான். வேண்டாம்.

தொலைபேசியை நிறுத்தின சமயத்தில் எனக்கு அந்தக் கம்பெனி மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. நான் மூன்று கடிதம் எழுதினேன், ஒரு மனிதர்கூடப் பதில் சொல்லவில்லை. சரி, இனி உங்களுக்கும் என்னிடமிருந்து ஒரு வார்த்தை வராது என்று முடிவு கட்டினேன். அவர்கள் மின்னஞ்சல் எது வந்தாலும் தானாக ஒரு பெட்டியில் போய் விழும்படி அமைத்தேன். அந்தப் பெட்டிக்குக் குப்பை என்று பெயர் வைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

புதன்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்தேன். நூற்றுப் பதினேழு மின்னஞ்சல்கள். ஒவ்வொன்றிலும் நானூறு, ஐந்நூறு வரி. அவற்றில் ஒன்றில், முந்நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது. கல்லூரியின் அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லாத பிரிவு: ஒன்பது. ஆட்கள்: முப்பத்தெட்டு. வகை: சோதனைத் தரவு. நடவடிக்கை: நீக்கம். அடியில் இன்னொரு வரி. இரண்டு வேலை நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று கொள்ளப்படும்.

சோதனைத் தரவு என்றால், மென்பொருள் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க யாரோ விளையாட்டாகப் போட்டு வைக்கிற பொய் ஆட்கள். எட்டு மாத வயிற்றோடு என் கவுண்டரில் நின்றவளை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். உச்சந்தலைவரை எரிந்தது எனக்கு. ஆனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் தட்டியிருந்தால் இது நடந்திருக்காது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை.

"நீ பேசாம இருந்தா எனக்குப் புரியும்," என்றார். "ஏன்னா நான் உன்ன பாத்துட்டு இருக்கேன். அவங்க எங்க உன்ன பாத்தாங்க?"

எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஆனால் அன்று பேசாமல் இருக்கத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை குடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தேன். வருடக்கணக்காகப் பேசிப் பேசி, மேடம் என்று ஆரம்பித்தவர் எப்போதோ தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். நானும் அண்ணா என்பேன். இப்போது மருமகனின் டயர் கடையில் கணக்கு பார்க்கிறாராம். பின்னால் யாரோ சக்கரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நடந்ததைச் சொன்னேன். வெளியே அனுப்பும்போது பெரிய கம்பெனி தன்னிடம் ஒரு கையெழுத்து வாங்கியது என்றார். பழைய மென்பொருளைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக்கூடாது, இரண்டு வருடத்துக்கு. திறந்தால் வழக்கு.

அப்படியானால் விடுங்கள் அண்ணா என்றேன்.

"அந்தக் கையெழுத்து என் வாய்க்குத்தான் தங்கச்சி," என்றார். "உங்க வாய்க்கு இல்ல. நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன், அப்புறம் நீங்க கேளுங்க."

அவர் சொன்னது இதுதான். வெளியே போவதற்கு முன் கடைசி மூன்று வாரம் உட்கார்ந்து, தன் கையில் இருந்த நாற்பது கல்லூரிகளுக்கும், எங்கெங்கே என்னென்ன தில்லுமுல்லு செய்து வைத்திருக்கிறோம் என்று பதினொரு பக்கம் எழுதியிருக்கிறார். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவரே எழுதி, பெரிய கம்பெனியின் பொதுக் கோப்பில் சேர்த்துவிட்டு, மேலதிகாரிக்கும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எங்கள் கல்லூரி மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்றார்.

அதாவது, அவர்களிடம் இருந்தது. என்னிடம் கேட்பதற்கு முன்னாலேயே இருந்தது. கம்பெனியை வாங்கினார்கள், வாடிக்கையாளர்களை வாங்கினார்கள், பதினொரு பக்கத்தைப் படிக்க ஒரு ஆளை வைக்கவில்லை. அதை அறிந்தவரையும் வாயைத் தைத்து டயர் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று நான் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பதிவாளர் காலையிலேயே என்னை அழைத்துக் கதவைச் சாத்தினார். மின்னஞ்சலைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்கள் எடுத்தால் நான் சமாளிக்கிறேன், கல்லூரி பெயர் கெடக்கூடாது என்றார். தலையாட்டினேன். வெளியே வந்து பெரியக்காவுக்குப் போன் செய்து, பத்தே முக்காலுக்கு வந்துவிடு என்றேன்.

வந்தவர் முப்பது வயதுப் பெண். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி அலுவலர்' என்று போட்டிருந்தது. சத்தியமாக அப்படித்தான் போட்டிருந்தது. பதிவாளர் அறையில் நீளமான மேசை. அதன் ஓரத்தில், தன் இரண்டு உறைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பெரியக்கா உட்கார்ந்திருந்தாள். மகிழ்ச்சி அலுவலர் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, இவங்க எந்தத் துறை என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இவங்கதான் உங்க சோதனைத் தரவு," என்றேன்.

பதிவாளர் இருமினார். மகிழ்ச்சி அலுவலரின் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் அவர் விவரமானவர். மடிக்கணினியைத் திறந்து, மிகவும் மரியாதையாக, எனக்கு வந்த மின்னஞ்சலைத் திருப்பிக் காட்டினார். முறைப்படி கேட்டோம், இரண்டு நாள் காத்திருந்தோம், மறுப்பு வரவில்லை என்றார். அது உள் அலுவலக விஷயம் என்று பதிவாளர் ஏதோ ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசினேன்.

"ஆமா, வந்துச்சு. நான் திறக்கல. என் தப்பு," என்றேன். "இப்ப உங்களோடத பாப்போம். பழைய கம்பெனி ஆள் ஒருத்தர் எழுதிக் குடுத்த பதினோரு பக்கம் உங்க கோப்புல இருக்கு. மூணாம் பக்கத்தத் திறங்க."

அப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. பத்து நிமிடம் தேடிக் கண்டுபிடித்தார். வாய்விட்டுப் படியுங்கள் என்றேன். படித்தார். 'இந்தக் கல்லூரியில் ஒன்பதாம் பிரிவு பட்டியலில் இருக்காது. ஆனால் அதில் இருப்பவர்கள் உண்மையான மாணவர்கள். தயவுசெய்து நீக்கவேண்டாம். சந்தேகம் இருந்தால் எனக்குத் தொலைபேசுங்கள்.' கீழே குடைக்காரரின் எண். இதை இதுவரை எத்தனை பேர் திறந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்து, கொஞ்சம் தயங்கி, நான்தான் முதல் என்றார்.

பாவம், அந்தப் பெண்ணின் காது சிவந்துவிட்டது. அவரே மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி வாங்கப்பட்ட இன்னொரு கம்பெனியிலிருந்து வந்தவராம், பிறகு சொன்னார். ஆனால் பாவம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. அழித்ததைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்றேன். நகல் இருக்கிறது என்றார். உயிர் வந்தது எனக்கு. ஆனால் அது வேறொரு நாட்டில் இருக்கிறது, மூன்று மேலதிகாரிகள் ஒப்புக்கொள்ளவேண்டும், ஆறு வாரம் ஆகும், அதற்கு முன் கடவுளே வந்தாலும் முடியாது என்றார்.

பெரியக்கா முதல் தடவையாக வாய் திறந்தாள். "திங்கட்கிழமை," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நானே ஒரு கடிதம் தட்டச்சு செய்து, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். ஆசிரியர்கள் கையெழுத்திட்ட பழைய மதிப்பெண் தாள்கள் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. செல்லாது என்றார் பதிவாளர். மருத்துவமனை தாளைப் பார்க்காது, தாளில் அச்சாகிற குறியீட்டை மட்டும் பார்க்கும். அந்தக் குறியீட்டைப் புது மென்பொருள்தான் தரவேண்டும். மருத்துவமனை அதைச் சரிபார்ப்பதும் இதே பெரிய கம்பெனியின் இன்னொரு மென்பொருளில்தான் என்று மகிழ்ச்சி அலுவலர் மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டார். கேட்கிறவனும் அவன், சொல்கிறவனும் அவன். நடுவில் இருக்கிற மனுஷி மட்டும் பொய்.

ஒரே ஒரு வழி இருக்கிறது என்று பிறகு அவரே சொன்னார். வேறு கல்லூரியில் படித்துவிட்டு இங்கே மாறி வந்தவர்களுக்கு, பழைய மதிப்பெண்களைக் கையால் ஏற்ற ஒரு பக்கம் இருக்கிறது. அதில் ஏற்றினால் இன்றைக்கே குறியீடு வந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வருடமும் இந்தக் கல்லூரியில் படிக்கவில்லை என்று மாணவர் கையெழுத்துப் போடவேண்டும்.

நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அது பொய், அதில் அவளைக் கையெழுத்துப் போடச் சொல்ல நாம் யார் என்று கேட்டேன். பெரியக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

"போடறேன் மேடம். பேனா குடுங்க," என்றாள்.

அன்று மதியம் நாங்கள் இரண்டு பேருமாக இரும்பு அலமாரியைத் திறந்து, இருபத்திரண்டு பாடங்களின் மதிப்பெண் தாள்களைத் தேடி எடுத்தோம். அவள் வாசிக்க வாசிக்க நான் ஏற்றினேன். உடற்கூறியல் வந்தபோது, அந்தத் தேர்வின் பாதியில் வாந்தி எடுத்துவிட்டு வந்து மீதியை எழுதியதாகச் சொன்னாள். நிமிராமலே சொன்னாள். முந்தைய நிறுவனம் என்ற கட்டத்தில் எங்கள் கல்லூரி பெயரை அடித்தேன், சிவப்பில் மறுத்தது. கடைசியில் 'பிற' என்று போட்டேன். குறியீடு வந்தது. தாள் அச்சாகி வந்தது. திங்கட்கிழமை மருத்துவமனையில் அதை வாங்கிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை பெரியக்கா வேலையில் சேர்ந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அந்த வாரக் கடைசியில் கம்பெனியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இப்போது எல்லாவற்றையும் திறந்து, கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். 'வாடிக்கையாளருக்கு மாற்று வழி கிடைத்துவிட்டதால், அழிந்த பதிவுகளை மீட்கும் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது. மாற்று வழியில் ஏற்றிய பதிவை ரத்து செய்தால் மட்டுமே மறுபடி திறக்க இயலும். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். முடியாது, வேண்டாம், திறந்தே வையுங்கள் என்று உடனே ஐந்து பதில் எழுதினேன். ஐந்துக்கும் ஐந்து எண் வந்தது. மகிழ்ச்சி அலுவலரைக் கூப்பிட்டேன். விதிகள் தன் கையில் இல்லை, வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு மேலாளரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், நேரில் பேசிப் பாருங்கள் என்றார்.

பதிவாளரிடம் ஓடினேன். அவருக்கு முகத்தில் நிம்மதி. வழிதான் கிடைத்துவிட்டதே, மிச்சம் முப்பத்தேழு பேரையும் ஒவ்வொருவராக அப்படியே ஏற்றிவிடுங்களேன் என்றார். முப்பத்தேழு பேரும் வேறெங்கோ படித்தவர்கள் ஆகிவிடுவார்கள் சார் என்றேன். பட்டம் கிடைக்கிறதல்லவா, எங்கே படித்தால் என்ன என்றார். நான் அவரிடம் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அன்றுதான் முதல் முறையாக அவருடைய மேசையைக் கையால் அடித்தேன்.

"அவங்க இங்க படிச்சாங்க சார். நான் பாத்தேன்."

முப்பத்தெட்டுப் பேருக்கும் கடிதம் எழுதப்போகிறேன், நடந்ததை நடந்தபடி என்று சொன்னேன். உங்கள் மின்னஞ்சல் விவகாரமும் வெளியே வரும் என்றார். அதைத்தான் முதல் வரியாக எழுதப்போகிறேன் என்றேன். வேலை போகும் அம்மா என்றார், மெதுவாக. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். போகட்டும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லூரித் தாளில் எழுதவில்லை. வெள்ளைத்தாளில் எழுதினேன். 'நீங்கள் படித்த வருடங்களை அழிக்கலாமா என்று கம்பெனி என்னைக் கேட்டது. எனக்கு அவர்கள் மேல் கோபம், அதனால் கடிதத்தைத் திறக்கவில்லை. அவர்கள் அழித்துவிட்டார்கள். அழிக்கக்கூடாது என்று அவர்கள் கையிலேயே எழுதி இருந்தது, அதை அவர்களும் திறக்கவில்லை. நகல் இன்னும் இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் பதிவாளர் அறைக்கு வருகிறார்கள். நீங்களும் வாருங்கள்.' கீழே என் பெயர், என் வீட்டு முகவரி, என் கைபேசி எண்.

முதல் கடிதத்தைத் தபாலில் போட மனம் வரவில்லை. வேலை முடிகிற நேரம் பார்த்து மருத்துவமனை வாசலில் போய் நின்றேன். பெரியக்கா சீருடையில் வந்தாள். புதுச் சீருடை, மடிப்புக்கூடக் கலையவில்லை. கடிதத்தை நின்றபடியே படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"என் பேப்பர ரத்து பண்ணா மத்தவங்களுக்குத் திறப்பாங்களா?" என்று கேட்டாள்.

திறப்பார்கள், ஆனால் உன் வேலை போய்விடும், அதைக் கேட்க நான் வரவில்லை என்றேன். அவள் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"ரத்து பண்ண மாட்டேன் மேடம். எனக்குப் பிள்ள இருக்கு," என்றாள். "உங்கள மன்னிக்கவும் மாட்டேன்."

சரி என்றேன். அவள் பேருந்து வந்துவிட்டது. இரண்டடி போனவள் நின்று திரும்பினாள்.

"வியாழக்கிழமை எனக்கு மதிய ஷிஃப்ட்தான். பத்து மணிக்கு வர்றேன். இங்க படிக்கலன்னு கையெழுத்துப் போட்டவளே வந்து, இங்கதான் படிச்சேன்னு சொல்றேன். அப்ப என்ன பண்றாங்கன்னு பாப்போம்."

பேருந்து போன பிறகு, எதிர்ப்பக்கம் இருந்த தபால்பெட்டியில் மிச்சம் முப்பத்தேழு கடிதங்களையும் போட்டேன். வாய் சின்னப் பெட்டி, இரண்டிரண்டாகத்தான் போட முடிந்தது.